டிராக்டரைக் குளிப்பாட்டிய ஆயுத பூஜை

சூடான எண்ணெய் வாசனையும் அப்போதுதான் வெட்டிய புல்லின் பச்சை வாசனையும் ஒன்றாக வாசலில் நுழைந்தால் அம்மா வேலை முடிந்து வந்துவிட்டாள் என்று எங்கள் வீட்டில் பொருள். இன்ஜினுக்கு ஊற்றும் எண்ணெயை நாங்கள் மலாயில் "மின்யாக் ஹித்தாம்", கறுப்பு எண்ணெய், என்போம். எவ்வளவு சவுக்காரம் போட்டுத் தேய்த்தாலும் அம்மாவின் விரலிடுக்கில் அதன் கறை இருக்கும். எனக்கு அதில் கொஞ்சங்கூட வெட்கம் இருந்ததில்லை. கிள்ளானிலேயே டிராக்டர் ஓட்டிப் புல் வெட்டும் ஒரே பொம்பளை என் அம்மாதான் என்று பள்ளி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது உண்மையா என்று யாரும் சரிபார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

நான் படித்த தமிழ்ப்பள்ளியில்தான் அம்மாவுக்குத் திடல் வேலை. அப்பா போர்ட் கிள்ளானில் கொள்கலன் லோரி ஓட்டினார். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் அவருக்குத் தூங்கும் நேரம். டிராக்டர் ஏதோ ஒரு கோல்ஃப் திடலில் ஓடி ஓய்ந்தபின் பள்ளிக்கு இனாமாக வந்தது. உட்கார்ந்து ஓட்டும் சின்னச் சிவப்பு வண்டி, வயிற்றுக்கடியில் புல் வெட்டும் கத்தி. இதில் கியர் மாற்றும் வேலையே கிடையாது. மிதியைக் காலால் அழுத்தினால், இருக்கைக்கு அடியில் இருக்கும் பெட்டிக்குள் எண்ணெய் அழுத்தத்தோடு ஓடிச் சக்கரத்தைத் தள்ளும். பேச்சுக்கு அதையும் நாங்கள் "கியர்பாக்ஸ்" என்றே சொன்னோம். அது சூடேறினால் வண்டி சோர்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு முறை வெட்டி முடித்ததும் அம்மா அது ஆறும்வரை காத்திருந்து, பெட்டியின் மேலுள்ள சின்ன விசிறியிலும் தகடுகளிலும் சிக்கிய புல்லை ஈர்க்குக் குச்சியால் கிண்டி எடுத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்ப்பாள். "அது கிட்ட தண்ணி கொண்டு போகாத" என்பாள். ஏன் என்று நான் கேட்டதுமில்லை, அவளாகச் சொன்னதுமில்லை.

பள்ளி வாரியத்தின் சார்பில் திடலைக் கவனித்தவர் தங்கராஜு அங்கிள். நல்ல மனிதர்தான், ஆனால் ஒரு பெண்பிள்ளை மெசின் மேல் உட்கார்ந்திருப்பது அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. "பாரும்மா, ஒரு தடவ வண்டி படுத்துச்சுன்னா நான் புல்லு வெட்டுற கன்ட்ராக்டர கூப்பிட்டுருவேன். அப்புறம் என்னைக் கோவிச்சுக்கக் கூடாது லா" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். ஒரு தடவை அந்த ஆள் உள்ளே வந்துவிட்டால் அம்மாவுக்குத் திடல் இல்லை என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

நான் ஐந்தாம் ஆண்டு படித்தபோது, மழையால் தள்ளிப்போன விளையாட்டுப் போட்டியை ஆயுத பூஜை வாரத்துச் சனிக்கிழமையில் வைத்தார்கள். தினமும் மாலையில் மழை கொட்டியதில் புல் கணுக்காலைத் தாண்டி நின்றது. செவ்வாய்க்கிழமை பூஜை. அம்மா கால்வாசித் திடலை வெட்டிவிட்டு வண்டியைப் பள்ளிக் கொட்டகையில் நிறுத்தி, மாலையும் எலுமிச்சம்பழமும் வாங்கக் கடைக்குப் போனாள். எங்கள் பக்கத்து ஆயுத பூஜையைக் கேட்கவா வேண்டும்! மோட்டார் சைக்கிள், தையல் மெசின், தேங்காய் துருவும் மெசின் என்று ஒன்றையும் விடாமல் கழுவிப் பொட்டு வைப்பார்கள். அப்பாவின் லோரி காலையிலேயே குளித்துப் பளபளவென்று நின்றது. எங்கள் டிராக்டர் மட்டும் அழுக்கோடவா சாமி கும்பிடும்? எனக்குப் பொறுக்கவில்லை. குழாயை இழுத்து வந்து, இருக்கையைத் தூக்கி, இன்னும் கொதித்துக்கொண்டிருந்த கியர்பாக்ஸின் மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தேன். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. அழுக்கு என்னமாய்ப் போகிறது என்று எனக்கு ஒரே குஷி. அம்மா வருவதற்குள் துடைத்துக் காயவைத்தும் விட்டேன். அவள் பொட்டு வைத்து, மாலை போட்டு, சக்கரத்தை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி நசுக்கினாள்.

மறுநாள் நடுத்திடலில் வண்டி ஞொய்ங்கென்று முனகி நின்றுவிட்டது. இன்ஜின் ஓடுகிறது, மிதியை அழுத்தினால் சக்கரம் அசையவில்லை. அங்கிள் அழைத்து வந்த சீனப் பட்டறைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "கியர்பாக்ஸ் சுடா ரோசாக் லா, அக்கா. புவாங் சாஜா" என்றார், கெட்டுப்போய்விட்டது, தூக்கிப் போடு என்று அர்த்தம். அங்கிள் இந்த முறை சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழம மத்தியானம் வரைக்கும் பாக்குறேம்மா. அதுக்கு மேல என் கையில இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வண்டியைக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு வந்ததும் அம்மா கியர்பாக்ஸ் மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டு எடுத்தாள். எண்ணெய் தே தாரிக் மாதிரி, பால் கலந்த தேத்தண்ணி நிறத்தில் வந்தது. அதில் கொஞ்சத்தை ஊறுகாய் போத்தலில் பிடித்து வைத்தாள். கல்யாணத்துக்கு முன் அவள் செம்பனை எண்ணெய் மில்லில் வேலை பார்த்தவள். அங்கே எண்ணெயிலிருந்து தண்ணீரைப் பிரிப்பதுதான் நாள் முழுக்க வேலை. வியாழன் காலையில் பார்த்தால் போத்தலின் அடியில் ஒரு விரல்கடை தண்ணீர் தனியாக நின்றது. அதைப் பார்த்ததும் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அடிப்பாவி! கொதிக்கிற பெட்டி மேல தண்ணி அடிச்சா, குளுந்து போயி மூச்சு ஓட்டை வழியா உள்ள இழுக்காதா? உன் மண்டையில என்ன, களிமண்ணா?" என்று தெருவுக்கே கேட்கும்படி திட்டினாள். திட்டி முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி விடு. ஒடையல. தண்ணிதானே? எடுத்துரலாம்" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தூங்கி எழுந்த அப்பாவைக் கூட்டி வந்து, பின்சக்கரங்களை மரக்கட்டைமேல் தூக்கி நிறுத்த வைத்தாள். "சனியன விட்டுத் தொலையேன்" என்றார் அப்பா. "நீங்க போயித் தூங்குங்க" என்றாள் அம்மா. பழைய எண்ணெயை முழுக்க வடித்து, புதியதை ஊற்றி, அந்தரத்தில் சக்கரத்தைச் சுழலவிட்டு, மறுபடி வடித்தாள். இரண்டாவது தடவை வந்தது கலங்கல். மூன்றாவது தடவையும் லேசாக மங்கல். நான்காவது தடவைதான் எண்ணெய் எண்ணெயாகவே வந்தது. அப்போதும் அவசரப்படவில்லை, உள்ளே காற்று தங்கினாலும் வண்டி இழுக்காது. பின்னால் ஒரு கம்பி உண்டு, அதை இழுத்தால் சக்கரம் கியர்பாக்ஸின் பிடியிலிருந்து விடுபடும். அதை இழுத்து வைத்துக்கொண்டு மிதியை மெதுவாக முன்னும் பின்னும் அழுத்தினாள், குறைந்த எண்ணெயை நிரப்பினாள், கம்பியை உள்ளே தள்ளிவிட்டு மறுபடியும் அழுத்தினாள்.

வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிக்கூட வாசலில் கன்ட்ராக்டரின் லோரி வந்து நின்றபோது அம்மா கட்டைகளை உருவி வண்டியைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தாள். ஏறி உட்கார்ந்து மிதியை அழுத்தினாள். வண்டி ஒரு முனகலும் இல்லாமல் கொட்டகையை விட்டு வெளியே வந்தது.

"எப்படிம்மா? செத்துப் போச்சுன்னானே!" என்றார் அங்கிள்.

"உள்ள தண்ணி பூந்துருச்சுண்ணே. எடுத்துட்டேன்."

"யாரு தண்ணி விட்டது?"

நான் தூணுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டேன். "நான்தான். பூஜைக்குக் கழுவினேன்" என்றாள் அம்மா.

"பாத்தியா, இதுக்குத்தான் நான் அப்பவே..."

"சொன்னீங்க. இப்ப வழி விடுங்கண்ணே, புல்லு வெட்டணும்."

அன்று மழையும் அவளுக்குப் பயந்து ஒதுங்கிப் போயிற்று என்றுதான் சொல்வேன். பொழுது சாய்வதற்குள் மொத்தத் திடலையும் வெட்டி முடித்தாள். அங்கிளே கன்ட்ராக்டருக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக்கொடுத்துத் திருப்பி அனுப்பினார். அம்மா வேலையில் இருந்தவரை அந்த லோரி மறுபடி வரவில்லை. மறுநாள் இருநூறு மீட்டரில் நான் மூன்றாவதாக வந்தேன். முதலாவதாக வந்த பிள்ளைக்குக்கூட அவ்வளவு பெருமை இருந்திருக்காது.

பள்ளி வேறு இடத்துக்குப் போய்விட்டது. திடல் இருந்த இடத்தில் இப்போது கிடங்குகள், வாசலெல்லாம் சிமெண்டு. டிராக்டரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்களாம். அம்மா என்னோடு பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் இருக்கிறாள். எட்டாவது மாடியில் வெட்டுவதற்குப் புல் ஏது? என்னைக் காப்பாற்றத்தானே அன்றைக்குப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள் என்று இத்தனை வருடமாக நினைத்து நினைத்து உருகியிருக்கிறேன். போன மாதம் அதை அவளிடமே சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டேன்.

அம்மா கையை உருவிக்கொண்டாள். "உன்னைக் காப்பாத்தவா? போடி! உன் பேரச் சொல்லியிருந்தா, வண்டிய சின்னப் புள்ள கையில விட்டுட்டான்னுதான் பேசுவானுங்க. நான்னு சொன்னதுனாலதான், அவளே கெடுத்தா, அவளே சரி பண்ணிட்டான்னு கிள்ளான் பூரா பேசினானுங்க. அத போயி உனக்கு விட்டுக்கொடுப்பனா?"