மூன்றாம் வகை குரு

கல்லூரியில் வாயே திறக்காதவள், தோழிகள் கைமாற்றிக்கொள்ளும் இந்த நோட்டில் ஒரு முழுப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டதற்கு மன்னியுங்கள்.

அடுத்த திங்கட்கிழமை முதல் நான் தற்காலிக ஆசிரியை. பள்ளிக்கு வழி பார்த்து வைக்கலாம் என்று இன்று ஈப்போவில் கோப்பெங் போகும் பஸ் ஏறினேன்.

கண்டக்டர் முந்தின நாள்தான் சீனச் சண்டைப் படம் பார்த்திருக்கிறார். முன் சீட்டில் இருந்த மார்க்கெட் கூடை அக்காவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"குரு மூணு வகைக்கா. திட்டுறவரு, குடிக்கிறவரு, பாதிப் படத்துல சாகிறவரு."

"சிஷ்யன்?"

"ரெண்டே வகைதான். ஒருத்தன் குரு சொன்னபடி தண்ணி வாளி தூக்குவான். இன்னொருத்தன் குருவையே தூக்கிப் போட்டுருவான்."

ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தேன். அதற்குள் பள்ளி வந்துவிட்டது. பஸ்ஸை நிறுத்தும் மணியை அழுத்த எழுந்தேன். எல்லோரும் பார்த்தார்கள். உட்கார்ந்துவிட்டேன். பள்ளி போய்விட்டது.

கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் கேட்டார். "எங்க போகணும் தங்கச்சி?"

"பள்ளிக்கூடத்துக்கு அண்ணே. திங்கக்கிழமையிலேர்ந்து நான் அங்க டீச்சர்."

"மணியடிக்கவே பயமா? அப்ப நீ மூணாவது வகை லா!"

"பாவம் லா," என்றார் அக்கா. "பாதிப் படம் வரைக்குமாவது விடு."

அதே பஸ் திரும்பும்போது பள்ளி வாசலில் இறங்கினேன். மணியைக் கண்டக்டரே அடித்தார்.

எங்கள் எஸ்டேட்டிலேயே முதல் பட்டதாரி நான். முதல் நாளே சாகக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நாலு பேர் என் வீட்டுக்கு வந்து, ஒரு மணி நேரம் மாணவர்களாக உட்காருவீர்களா? வாளி தூக்குகிற வகை மட்டும் வரவும்.