லாரிகளுக்கு நடுவே சாய்ந்தபடி

என் மனைவியின் சைக்கிளில் ஏற முடியாது, இறங்கித்தான் உட்கார வேண்டும். முதுகைச் சாய்த்து, காலை முன்னால் நீட்டி மிதிக்கிற வண்டி. இடுப்பில் டிஸ்க் விலகியதிலிருந்து சாதாரண சைக்கிளில் அவளால் குனிய முடிவதில்லை. ஸ்கூட்டர் குலுக்கலும் ஆகாது, டவுன் பஸ்ஸில் நிற்கவும் ஆகாது. அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவளுடைய தையல் கடை. அவள் போய்த் திறந்தால்தான் கடை. திருச்சியில் ஒருவர் ஓட்டி அலுத்து விற்ற இந்தச் சைக்கிளை வாங்கி வந்தாள்.

நான் சாதாரண சைக்கிளில், அவளுக்குப் பின்னாலேயே, நிமிர்ந்து ஓட்டுகிறவன். ஆட்டோவின் கூரைக்கு மேலே பார்ப்பேன், சந்து தெரிந்தால் நுழைவேன், தெரியாவிட்டால் காலை ஊன்றுவேன். அவளுக்குத் தெரியும் நெரிசல் வேறு: லாரியின் அச்சு, டயர் இடுக்கில் சிக்கிய சுண்ணாம்புக்கல், முகத்தில் அடிக்கும் புகை. நின்று கிளம்பும்போது ஒரு தள்ளாட்டம் உண்டு. அதைத் தாண்டிவிட்டால், கொள்ளிடத்தில் மல்லாந்து மிதக்கிறவளைப் போல, முகத்தை வானத்துக்குக் கொடுத்துவிட்டுப் போவாள். இத்தனை இரைச்சலுக்குள் அப்படி ஒரு சாவகாசம் எனக்கு வாய்த்ததே இல்லை.

முதல் வாரமே ரயில்வே கேட் திறந்ததும் ஒரு டிப்பர் லாரி இடதுபுறம் ஒடித்தது. டிரைவருக்கு என் தலை தெரிந்தது, அவள் தெரியவில்லை. டிப்பரின் தகட்டை உள்ளங்கையால் அறைந்தேன். நின்றது, அவள் முழங்காலுக்குப் பக்கத்தில்.

"இனிமே இது வேணாம்," என்றேன் சாயங்காலம்.

"அப்பக் கடைய யாரு தொறப்பா? நீங்களா? ஊசியில நூல் கோக்கவே கண்ணாடி தேடுறீங்க."

"அவன் கண்ணுக்கே நீ தெரியலடி."

"தெரியற மாதிரி பண்ணிட்டாப் போச்சு."

மறுநாள் காலை இருக்கைக்குப் பின்னால், மேல்நோக்கிச் சாய்ந்தாற்போல் ஒரு நீள மூங்கில் கம்பைக் கட்டியிருந்தாள். நுனியில் சிவப்பு ரவிக்கைத் துணியின் வெட்டுத்துண்டு.

அன்றைக்குச் சாலையே மரியாதை கற்றுக்கொண்டிருந்தது. டிப்பர்கள் தள்ளி நின்றன. யாருக்கும் ஒதுங்காத தனியார் பஸ் வேகம் குறைத்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. மூடியிருந்த கேட்டில், பின்னால் நின்ற லாரியிலிருந்து நரைமீசைக் கிளீனர் எட்டிக் கேட்டார்: "ஏம்மா, வூடு கட்டுறீங்களா? கம்பி எவ்ளோ தூரம் நீட்டிக்கிட்டிருக்கு?"

அப்போதுதான் விளங்கியது. கட்டடக் கம்பி ஏற்றிப் போகிறவர்கள், வெளியே நீளும் நுனியில் சிவப்புத் துணி கட்டுவது இங்கே வழக்கம். அத்தனை உயரத்திலிருந்து அவருக்கு அவள் தலையும் துணியும் மட்டும்தான் தெரிந்தன. மிச்சத்தை அவரே பூர்த்தி செய்துகொண்டார்.

"நீளந்தாண்ணே. பாத்து வாங்க," என்றாள்.

கிளீனர் டிரைவர் பக்கம் திரும்பினார். "எடம் விட்டுப் புடிங்க, கண்ணாடியில குத்திடப் போவுது."

நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். "நீங்க சும்மா வாங்க," என்றாள், திரும்பாமலே.

கேட் திறந்தது. ஒரு தள்ளாட்டம், பிறகு மிதப்பு. இல்லாத கம்பிக்காக ஒரு லாரி நீளத்துக்குச் சாலை வெறுமையாகக் கிடந்தது. அந்த இடத்தில் நான் நிமிர்ந்து மிதித்துக்கொண்டிருந்தேன். முன்னால் அவள், கடையைத் திறக்கப் போய்க்கொண்டிருந்தாள்.