சிவஞானம் பிடிக்காமல் விட்ட ஜன்னல்

சிவஞானத்திடம் எதைச் சொன்னாலும் "பாத்துக்கறேன்" என்றுதான் பதில் வரும். கேஸ் சிலிண்டர் தீர்ந்தாலும் பாத்துக்கறேன், புரோத்ராபூரில் அவன் வீட்டுக் கூரை ஒழுகினாலும் பாத்துக்கறேன். சர்க்கார் ஆட்களைக் குடியேற்றிய செட்டில்மென்ட் காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலேறி வந்த அவன் அப்பாவும் இப்படித்தானாம். அப்பா எட்டடி, மகன் பதினாறடி.

சுனாமிக்கு முந்தைய வருஷம், டாலிகஞ்சில் ராஜமாணிக்கத்தின் கம்ப்யூட்டர் கடையில் அவனும் ஜெய்னுதீனும் வேலை பார்த்தார்கள். ஹட் பே துறைமுகத்துக்குக் கப்பலில் சரக்கு அனுப்பும் ஏஜென்ட் ஒருவருக்கு இருவரும் சேர்ந்து புரோகிராம் எழுதினார்கள். திரையில் தெரியும் ஜன்னல், பட்டன் எல்லாம் ஜெய்னுதீன் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் செய்தவை. கணக்குப் போடும் பகுதி சிவஞானம் சி என்ற இன்னொரு மொழியில் எழுதியது. ஒரே ஜன்னலை இரண்டு மொழியும் தொட வேண்டும். அதற்கு ஒரு முறை உண்டு. பைத்தானிடமிருந்து ஜன்னலை வாங்கிக்கொள்ளும் சி, "நானும் பிடித்திருக்கிறேன்" என்று ஒரு வரி சொல்லிவைக்க வேண்டும். சொல்லாவிட்டால், பைத்தான் கையை விட்டதுமே கம்ப்யூட்டர் அந்த ஜன்னலைக் குப்பையில் போட்டுவிடும். சி போய் இல்லாத ஜன்னலைத் தட்டும்.

"விண்டோவ உன் பக்கம் தர்றேன் ஞானம். பிடிச்சுக்கிற லைன் நீ போட்டுருவியா?"

"பாத்துக்கறேன். டென்ஷன் மத் லே, கவலைய விடு."

பார்க்கவில்லை.

ஏஜென்ட் நேரில் வந்து உட்கார்ந்த அன்று, முதல் ரசீதை அடித்து ஜன்னலை மூடியதும் புரோகிராம் மொத்தமாக விழுந்தது. மூடும்போது விழுந்தால் ஜன்னலில்தான் கோளாறு என்பது ராஜமாணிக்கத்தின் கம்ப்யூட்டர் அறிவு. ஜன்னல் ஜெய்னுதீனுடையது.

"நாளையிலேருந்து நீ வர வேணாம். பஸ், கதம், இதோட முடிஞ்சுது" என்றார் அவனிடம்.

அப்போது சிவஞானத்துக்கும் காரணம் தெரியாது. மறுநாள் காலை தன் சி-யைத் திறந்து பார்த்தபோதுதான் அந்த வரி இல்லாதது கண்ணில் பட்டது. வரியைச் சேர்த்தான், எல்லாம் சரியாகிவிட்டது.

"என்னாச்சு?" என்று கேட்டார் ராஜமாணிக்கம்.

"ஒரு லைன் விட்டுப்போச்சு சார்."

"அவன் விட்டதா?"

சிவஞானம் சும்மா மவுஸை நகர்த்திக்கொண்டிருந்தான். இல்லை என்று ஒரு சொல் போதும். வாயில் கொழுக்கட்டை.

அதன்பிறகு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி சுசீலா கேட்டதற்கு, "வயிறு சரியில்ல" என்று அவளிடமும் பொய். இப்படி ஒரு பிழைப்பா என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது. வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்திருக்கும் நேரம் பார்த்து, உண்மையைச் சொல்லிவிடுவது என்றே ஜெய்னுதீன் வீட்டுக்குப் போனான்.

ஜெய்னுதீன் அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்தான்.

"நல்லவேள நீயே வந்துட்ட. என் தப்ப நீதான் சரி பண்ணினியாமே, சார் சொன்னார். இத்தன நாளா நான் எழுதின கோட வரி வரியாப் பாக்கறேன், எங்க விட்டேன்னே தெரியல. மெயின்லேண்டுல ஒரு வேலைக்கு எழுதிப் போட்டிருக்கேன். அங்கயும் இதே தப்பப் பண்ணிறக் கூடாது பாரு. எந்த லைனுன்னு காட்டிரு."

கம்ப்யூட்டரில் அவன் எழுதியதெல்லாம் திறந்திருந்தது. சிவஞானம் உட்கார்ந்தான். அந்த ஜன்னலில் ஒரு பிழையும் இல்லை. மேலும் கீழும் நகர்த்திப் பார்த்துவிட்டு, ஒரு வரியில் விரலை வைத்தான்.

"இதுதான்."

"அச்சா" என்று சொல்லி, ஜெய்னுதீன் சரியாயிருந்த அந்த வரியை அழித்தான்.