சன்னலுக்குக் கீழே ஒரு ஸ்க்ராம்ப்ளர்

பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலைக்கே மின்சாரம் பார்க்கிற சார்ஜ்மேன் என் அப்பா. எங்கள் தாமான் குடியிருப்பில் யார் வீட்டில் விளக்கு அணைந்தாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். அப்படிப்பட்டவருக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணத் தெரியவில்லை என்பதுதான் என் பத்து வயதில் எனக்கு வந்த பெரிய மானப் பிரச்சினை.

அந்த வருடம் மாமா எங்கள் வீட்டுப் பின்னறையில் இருந்தார். அம்மாவின் தம்பி. விடியுமுன் பைக்கில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தவர். அங்கே ஆள் குறைத்தபோது இவரையும் குறைத்துவிட்டார்கள். பெட்டியோடு வந்து கட்டிலில் படுத்தார், படுத்தவர்தான். அம்மா சாப்பாட்டைக் கதவருகே கொண்டுபோய் வைப்பார். பாதி அப்படியே திரும்பி வரும். தாடி வளர்ந்தது. கைத்தொலைபேசி அடித்தடித்து ஓய்ந்தது. ஒருநாள் அம்மா அடுப்படியில் நின்று, "இவன் இப்படியே கெடந்தா, தம்பின்னு ஒருத்தன் எனக்கு இல்லாமயே போயிருவான்" என்று அப்பாவிடம் அழுதது என் காதில் விழுந்தது.

எழுந்து வெளியே வா என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்ல முடியாது. வீட்டில் வந்து தங்கியிருக்கும் மச்சானிடம் அப்படி ஒரு சொல் சொன்னால், போடுகிற சோற்றைச் சொல்லிக்காட்டியதாக ஆகிவிடும். மாமா அன்றைக்கே பெட்டியைத் தூக்கிவிடுவார். தூக்கிக்கொண்டு எங்கே போவார் என்பதுதான் அம்மாவின் பயம். ஆகவே எல்லோரும் அவரிடம் அளவுக்கு மீறிய மரியாதையோடு நடந்துகொண்டோம். அந்த மரியாதை அவரை இன்னும் உள்ளே தள்ளியது.

இந்த லட்சணத்தில்தான் அப்பா ஒரு சனிக்கிழமை லோரியில் ஒரு ஸ்க்ராம்ப்ளரை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். செம்பனைத் தோட்டத்து மண்பாதையில் தாவிக் குதித்து ஓட்டுகிற பைக் ரகம். அம்மாவுக்குக் கல்யாணம் ஆகுமுன்பே பிறந்த வண்டி. ஸ்கூடாய்ப் பக்கம் யாரோ ஒருவர் வீட்டுக் கொட்டகையில் கிடந்ததாம்.

"ஏங்க, வீடு இருக்கிற இருப்புல இது ஒரு கேடா?" என்றார் அம்மா.

அப்பாவோ வாசலில் அவ்வளவு இடம் இருக்க, வண்டியைச் சுற்றித் தள்ளிக்கொண்டு போய்ப் பின்னறைச் சன்னலுக்கு நேர் கீழே நிறுத்தினார்.

அதற்குப் பிறகு வேலை முடிந்து வந்ததும் தினமும் ஸ்டார்ட் பண்ண உதைப்புதான். வண்டி இருமக்கூட இல்லை. "பெட்ரோல்தான் சரியில்ல" என்று உரக்க அறிவித்துவிட்டுப் பெட்ரோலை மாற்றினார். கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார். பிறகு, "செயின் இறுகிப்போச்சு, அதான் ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது" என்றார். வேலியோரம் நின்ற பக்கத்து வீட்டுப் பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான். செயினுக்கும் ஸ்டார்ட் ஆவதற்கும் சம்பந்தமில்லை என்று அவனுக்கே தெரிந்திருந்தது. நான் வீட்டுக்குள் ஓடிவிட்டேன். நாளாக நாளாக அப்பாவின் கண்டுபிடிப்புகள் மோசமாகிக்கொண்டே போயின. டயரில் காற்று குறைவு என்றுகூட ஒருநாள் சொன்னார். எதைச் சொன்னாலும் சன்னல் பக்கம் திரும்பி, காது மந்தமானவருக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

மாமாவோ இளவயதில் தோட்டத்தில் இப்படிப்பட்ட வண்டிகளைப் பிரித்து மாட்டியே வளர்ந்தவர். உள்ளே கட்டிலில் புரளுகிற சத்தம் மட்டும் அடிக்கடி கேட்டது.

ஒரு சாயங்காலம் அப்பா பெரிய சுத்தியலை எடுத்து வந்தார். "இஞ்சின் உள்ளார என்னமோ சிக்கியிருக்கு. ரெண்டு தட்டு தட்டினா சரியாயிரும்" என்று ஓங்கினார்.

சன்னல் படாரென்று திறந்தது. "ஐயோ மச்சான், சுத்தியலக் கீழ வைங்க! அலமாக்! அது இஞ்சின்லா, தேங்காயா?"

அந்தக் குரலைக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. கைலியும் பனியனுமாக, கண் கூச, மாமா வெளியே வந்தார். அம்மா கரண்டியோடு பின்வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

"பிளக்கக் கழட்டிப் பாத்தீங்களா?"

"அது எதுக்கு?" என்றார் அப்பா. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமா பிளக்கைக் கழற்றி, அதன் தொப்பியில் செருகி, இஞ்சின் இரும்பில் சாய்த்து வைத்தார். வெயில் படாமல் கையால் மறைத்துக்கொண்டு அப்பாவை உதைக்கச் சொன்னார். நெருப்பு வந்தால் நுனியில் நீலமாகத் தெறிக்கும், பார் என்றார் என்னிடம். தெறிக்கவில்லை. வேறு பிளக் போட்டார், அதே கதை. இஞ்சினை நிறுத்துகிற சுவிட்சின் ஒயரைப் பிடுங்கினார், அப்போதும் இல்லை. "அப்பன்னா கோளாறு உள்ளதான்" என்று பக்கவாட்டு மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு சக்கரம். அதன் துவாரம் வழியாகப் பார்த்தால் இரண்டு சின்ன உலோக முனைகள், பாயிண்ட் என்பார்கள். இவை தொட்டுத் தொட்டுப் பிரிந்தால்தான் நெருப்புப் பிறக்கும் என்று விளக்கிக்கொண்டே குனிந்தவர், பேச்சை நிறுத்திவிட்டார்.

சின்ன இடுக்கியால் அந்த முனைகளுக்கு இடையிலிருந்து எதையோ இழுத்தார். நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு. நாலு பக்கமும் கத்தரியால் நேராக வெட்டியது. அவ்வளவு பழைய வண்டிக்குள் இருந்தும் அதில் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

மாமா அதையே பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா மும்முரமாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா மாமா அது?" என்றேன்.

"ஒண்ணுமில்லமா, குப்பை." அதைக் கைலி மடிப்பில் செருகிக்கொண்டார். "பாயிண்ட்ல கரி புடிச்சிருக்கு மச்சான். உங்களுக்கு இது தெரிஞ்சிருக்க நியாயமில்ல."

"அதானே பாத்தேன்" என்றார் அப்பா.

அடுத்த உதையில் வண்டி அலறியது. கொல்லை முழுக்கப் புகை. மாமா ஏறி உட்கார்ந்து, செம்பனைக்குள் போகிற மண்பாதையில் மறைந்துபோனார். இருட்டும் நேரத்துக்கு முழங்கால்வரை சேற்றோடு வந்து, குளித்து, எங்களோடு மேசையில் உட்கார்ந்தார். அக்கா, இன்னும் கொஞ்சம் சோறு என்று கேட்டார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே போட்டார்.

அன்றைக்குச் சாப்பாடு முழுக்க மாமாவின் கெட்டிக்காரத்தனம்தான் பேச்சு. அதிகம் பேசியது அப்பா. எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. சொந்த வீட்டில், பெண்டாட்டி பிள்ளை முன்னால், மச்சானிடம் இப்படித் தோற்றுப்போய்விட்டாரே. ஆறுதல் சொல்லத் தெரியாமல், என் பங்குக் கோழிக்காலை எடுத்து அவர் தட்டில் வைத்தேன். அப்பா என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். தோற்றுப்போன மனிதர் எப்படி அதை எலும்புவரை அவ்வளவு ருசித்துச் சாப்பிட்டார் என்பதுதான் எனக்கு வெகுநாள் விளங்கவில்லை.