வெளுத்துப்போன நாலு தட்டு ஏலக்காய்

1950-களின் நடுவில், ஒரு மார்கழி மாதம் நடந்தது இது. அப்போது எனக்குப் போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய் மண்டியில் வேலை. மலையிலிருந்து இறங்கி வருகிற காயைக் கொட்டிப் பார்த்து, பச்சை, இளம்பச்சை, வெளுப்பு என்று தரம் பிரிக்க வேண்டும். கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

மீன்பிடிக்கிற கிறுக்கு எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. கொட்டகுடி ஆற்றில் கெண்டையும் கெளுத்தியும் பிடித்தே வளர்ந்தவன். அந்தக் கிறுக்கை முற்றவைத்தவர் ஒரு துரை. போடிமெட்டுக்கு மேலே அவருக்கு ஏலத்தோட்டம் இருந்தது. மண்டியில் இங்கிலீஷ் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். அதனால் காய் போட வருகிற நாளெல்லாம் என் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். இங்கிலீஷ்காரர் என்று யாராவது சொல்லிவிட்டால் முகம் சுருங்கும். "நான் அயர்லாந்துக்காரன்" என்று திருத்துவார்.

அவர் ஊரில் குளிர்காலத்து மீன்பிடிப்புக்குத்தான் மவுசாம். ஏரி ஓரத்தில் தண்ணீர் கண்ணாடிபோல உறைந்து கிடக்கும். நாய்ப் பல் வைத்த நீள மீன் ஒன்று ஆழத்தில் சோம்பிக் கிடக்கும். அது வாயைத் திறக்கிற ஒரு நிமிஷத்துக்காக நாள் முழுக்க நிற்பார்களாம். கடற்கரையில் என்றால் ஆளைவிட உயரமான கம்பை மணலில் ஊன்றி, புயல் கலக்கிவிட்ட தண்ணீரில் பெரிய மீன் கரைக்கு வரும்வரை எதிர்காற்றில் காத்திருப்பார்களாம். அதையெல்லாம் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிடும். அந்த ஏக்கத்தில்தானோ என்னவோ, மூணாறு பக்கத்திலிருந்து டிரவுட் மீன்குஞ்சு கொண்டுவந்து தன் தோட்டத்து ஓடையில் விட்டிருந்தார்.

பிறகு அவர் தோட்டத்தைப் போடி வியாபாரி ஒருவருக்கு விற்றுவிட்டு ஊருக்கே போய்விட்டார். போகும்போது சக்கரம் வைத்த தூண்டில் கம்பு ஒன்றையும் ஒரு டப்பா முள்ளையும் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் கம்பு கைக்கு வந்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மார்கழி பிறந்ததும் மண்டியில், சிலமலையில் ஒரு சாவு என்று பொய் சொல்லி ஒரு நாள் லீவு போட்டேன். என் மனைவியின் அண்ணனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டேன். அவர் சிலமலையில் விவசாயம் பார்ப்பவர். நல்ல உடம்பு. ஆனால் நீச்சல் தெரியாது, மீன்மேலும் ஆசை கிடையாது. தங்கச்சி புருசன் கூப்பிட்டான் என்பதற்காக வந்தார்.

விடியுமுன்னே புறப்பட்டு நடந்தே மலையேறினோம். ஓடையை அடையும்போது உச்சிப்பொழுது. ஆனால் வெயில் இல்லை. மஞ்சு இறங்கி, பத்தடிக்கு அந்தப்பக்கம் மரம் தெரியவில்லை. பூச்சாரல் வேறு. எங்கள் இரண்டு பேர் உடம்பிலும் வேட்டி, சட்டை, தலையில் ஒரு துண்டு, அவ்வளவுதான்.

ஓடை ஒரு பாறையிலிருந்து விழுந்து குழியாகத் தேங்குகிற இடத்தில் தூண்டிலைப் போட்டேன். இரண்டு மணி நேரம் ஒன்றும் இல்லை. மச்சான் "போதும் மாப்ளே, வெரசா இறங்குவோம்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். மூன்றாவது தடவை அவர் சொல்லும்போது கம்பு வளைந்தது. மீன் ஒரு இழுப்பு இழுத்துப் பாறைக்கு அடியில் போய் நின்றுகொண்டது. நூல் அசையவில்லை. அறுத்துவிட்டிருக்கலாம். சீமையிலிருந்து வந்த முள், விட மனசில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினேன்.

நாலாவது எட்டில் பாசி வழுக்கியது. தலைகுப்புற விழுந்தேன். குளிர் என்று சொன்னால் போதாது. மார்பில் யாரோ ஓங்கி மிதித்ததுபோல மூச்சே நின்றுவிட்டது. எழுந்திருக்கப் பார்த்தால் வலது கால் இரண்டு கல்லுக்கு நடுவில் மாட்டியிருந்தது. தலை மட்டும் மேலே வரும், பிறகு அமுங்கும். மச்சான் கரையில் குப்புறப் படுத்து, தன் துண்டையும் வேட்டியையும் முடிச்சுப் போட்டு வீசினார். அதை எட்டிப் பிடித்து, கணுக்காலில் தோல் உரிய உரியக் காலைப் பிடுங்கி வெளியே வந்தேன். எவ்வளவு நேரம் தண்ணீரில் கிடந்தேன் என்று எனக்குத் தெரியாது. மச்சான் பிற்பாடு, ஒரு வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரம் இருக்கும் என்றார்.

கரையேறியதும் பிழைத்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். உண்மையில் ஆபத்து அதற்குப் பிறகுதான் இருந்தது. மாற்றுத்துணி இல்லை. காற்று ஊசியாகக் குத்தியது. பல் கிட்டித்து உடம்பெல்லாம் உதறியது. கொஞ்ச தூரம் நடந்ததும் உதறல் நின்றுவிட்டது. குளிரே தெரியவில்லை. சுகமாகத் தூக்கம் வந்தது. இங்கேயே கொஞ்சம் படுத்துக்கொள்கிறேன் என்று நான் சொன்னதாகவும், சொன்ன வார்த்தை குழறியதாகவும் மச்சான் சொன்னார். அவர் பயந்துபோய் என்னைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு, விறகுப் புகை வாசம் வந்த திசையில் ஏறினார்.

அது தோட்டத்து ஸ்டோர். பறித்த ஏலக்காயை உலர்த்துகிற கட்டடம். வெளியே அடுப்பு எரியும். அந்தச் சூடு தகரக் குழாய் வழியாக உள்ளே சுற்றி வரும். உள்ளே அடுக்கடுக்காகத் தட்டுகளில் பச்சைக் காய் கிடக்கும். அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தொடுபுழை பக்கத்து மலையாளி, ஐம்பது வயது இருக்கும். அன்று காலையில்தான் காயை ஏற்றிக் கதவைச் சாத்தியிருந்தார். சூடு ஒரே அளவில் நின்றால்தான் காய் பச்சையாக இருக்கும். நடுவில் கதவைத் திறந்து குளிர்காற்று பட்டால் வெளுத்துப்போகும். அப்படிக் காயை வெளுக்கவிட்ட முந்தின அடுப்புக்காரரை, துரையிடம் தோட்டத்தை வாங்கிய புது முதலாளி கையோடு மலையிறக்கி அனுப்பியிருந்தார். இது மண்டியில் எல்லாருக்கும் தெரியும்.

அவர் என்னைப் பார்த்தார், கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். நீ யார், எதற்குத் தோட்டத்துக்குள் வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே போய்க் கதவைத் திறந்துவிட்டார். கீழ்வரிசையில் நாலு தட்டை உருவி வெளியே சாரலில் வைத்து எனக்கு இடம் பண்ணினார். ஈரத்துணியைக் கழற்றி, சாக்கைச் சுற்றி, குழாய்ப் பக்கம் ஒட்டாமல் தள்ளிப் படுக்கவைத்தார். திடீரென்று ரொம்பச் சூடு பட்டாலும் ஆகாதாம். இதெல்லாம் எனக்குக் கனவுபோலத்தான் தெரியும். காதில் விழுந்தது ஒன்று மட்டும் தெளிவாக நினைவிருக்கிறது. காய் கெட்டுப்போகுமே அண்ணே என்று மச்சான் தயங்கியிருக்கிறார். அதற்கு அவர் சொன்னார்:

"காய் அடுத்த பறிப்புக்கும் வரும். ஆளு வருமோ?"

பிறகு என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு "உறங்கக் கூடாது கேட்டோ" என்று சொல்லிச் சொல்லி, பேர் கேட்டார், ஊர் கேட்டார், எங்கே வேலை என்று கேட்டார், பெண்டாட்டி பேர் கேட்டார். சொன்னதையே மறுபடி கேட்டார். உடம்பில் சூடு திரும்பி மறுபடி உதறல் வந்தபோதுதான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். விழுங்க முடிந்ததும் கருப்பட்டி போட்ட, பால் விடாத கட்டன் சாயாவை மடக்கு மடக்காகக் குடிக்கவைத்தார். இருட்டுவதற்குள் எனக்குப் பேச்சு தெளிந்தது. அன்று அங்கேயே தங்கி, மறுநாள் வெயில் வந்த பிறகு அவருடைய சொந்தக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கீழே இறங்கினோம்.

துரை சொன்ன கதையில் பாதியைத்தான் நான் காதில் வாங்கியிருக்கிறேன் என்று இறங்கும் வழியில்தான் உறைத்தது. இடுப்புவரை ரப்பர் பூட்ஸு, இரண்டு கம்பளிச் சட்டை, மாற்றுத்துணி மூட்டை என்று அவர் சொன்னதெல்லாம் எனக்குச் சுவாரசியமாகப் படவில்லை. மீன் மட்டும்தான் மனசில் தங்கியிருந்தது.

இந்தக் கதை இங்கே முடிந்திருந்தால் நான் எழுத வந்திருக்க மாட்டேன். அந்த வாரக் கடைசியில் அந்தத் தோட்டத்துக் காய் மண்டிக்கு வந்தது. மூட்டையைக் கொட்டினேன். பாதிக்கு மேல் வெளுப்பு. தோட்ட முதலாளி எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். காயைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, அடுப்புக்காரன் தூங்கியிருக்கிறான், நாளைக்கே அவனை இறக்கிவிடுகிறேன் என்றார். அப்படியென்றால் அடுப்புக்காரர் வாயே திறக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

பக்கத்தில் என் மண்டி முதலாளியும் நின்றார். உண்மையைச் சொன்னால் நான் போட்ட லீவு பொய் என்று தெரியும். அனுமதி கேட்காமல் அடுத்தவர் தோட்டத்தில் இறங்கியதும் தெரியும். வேலை போகும். வீட்டில் புதுப்பெண்டாட்டி. இரண்டு மூட்டை தரம் பிரித்து முடிக்கிற வரைக்கும் தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் இருந்தேன். அதை இன்றைக்கும் வெட்கத்தோடுதான் சொல்கிறேன். மூன்றாவது மூட்டையைக் கொட்டும்போது கை ஓடவில்லை. எழுந்து நின்றேன்.

"முதலாளி, இந்தக் காய் வெளுத்ததுக்குக் காரணம் நான்தான். அவர் கதவைத் திறக்கலேன்னா நான் இங்கே நின்னு பேச மாட்டேன்" என்றேன். பிறகு ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லி, காலில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் காயத்தையும் காட்டினேன்.

தோட்ட முதலாளி காயத்தை உற்றுப் பார்த்தார். கையிலிருந்த வெளுத்த காயை மூட்டையிலேயே திரும்பப் போட்டார். அதில் ஒரு சின்ன மூட்டையை மட்டும் கட்டித் தன் வீட்டுக்கு அனுப்பச் சொன்னார்.

"பொங்கலுக்கு எங்க வீட்டுப் பானையில இதைத்தான் போடணும். அவன் செஞ்ச புண்ணியத்துல எங்களுக்கும் பங்கு வேணும்ல" என்றார்.

அடுப்புக்காரரை இறக்கவில்லை. என் முதலாளி என்னிடம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் வேலையிலிருந்து எடுக்கவில்லை.

தை பிறந்ததும், துவைத்து மடித்த கம்பளியோடு நானும் மச்சானும் மேலே போனோம். காலில் விழப்போனேன். அவர் விடவில்லை, கூச்சப்பட்டு அடுப்புப் பக்கம் போய்விட்டார். மண்டியில் நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே அடுப்பில் விறகைத் தள்ளினார். புண் ஆறிவிட்டதா என்று கேட்டு, குனிந்து கணுக்காலைத் தொட்டுப் பார்த்தார். ஏன் முதலாளியிடம் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, சொல்லியிருந்தால் உனக்கல்லவா சோலி போயிருக்கும் என்கிற மாதிரி மலையாளத்தில் ஏதோ சொன்னார். நாலைந்து வருஷம் கழித்து அவர் தன் மகளோடு இருக்க ஊருக்குப் போய்விட்டார். அதன் பிறகு பார்க்கக் கிடைக்கவில்லை.

எனக்கு மூன்று பிள்ளைகள். மூன்று பேருமே அந்த மார்கழிக்குப் பிறகு பிறந்தவர்கள். ஒவ்வொரு பிள்ளையையும் முதல்முதலாகக் கையில் வாங்கியபோது, என்னை யாரென்றே தெரியாத ஒருத்தர் தன் பிழைப்பைப் பற்றி நினைக்காமல் இருந்த அந்த ஒரு நிமிஷத்தில்தான் இந்த உயிருக்கும் வழி பிறந்தது என்று நினைத்து, மலைக்கு அந்தப்பக்கம் பார்த்து மனசுக்குள் கும்பிட்டிருக்கிறேன்.