மியூட் போடாத திங்கட்கிழமை

நெட்வொர்க் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு புத்தி உண்டு. திரையில் பச்சை விளக்கு எரிந்தால்தான் எதையும் நம்புவோம். அமெரிக்காவில், ரவுண்ட் ராக் ஊர் ஆபீசில் எனக்குப் பக்கத்து க்யூபிக்கிளில் இருந்த டாக்காக்காரன், அந்த ஜூலையில் தன் இரண்டாவது மானிட்டரின் மூலையில் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்து வைத்தான். தன் தம்பி படிக்கும் பல்கலைக்கழகத்தின் சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று அது ஓயாமல் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். பங்களாதேஷ் முழுக்க மாணவர்கள் தெருவில் நின்றார்கள். அரசாங்கம் இன்டர்நெட்டைத் துண்டித்திருந்தது. ஜன்னல் நாள் கணக்கில் சிவப்பாகவே கிடந்தது.

காபி எடுக்கப் போகும்போதும் வரும்போதும் நான் அதைத்தான் பார்ப்பேன். மேலப்பாளையத்துக்காரிக்கு டாக்காவில் என்ன ஜோலி என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். அந்தத் தம்பி ஒருமுறை வீடியோ காலில் என்னை 'ஆபு' என்று கூப்பிட்டிருந்தான். அவர்கள் ஊரில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். ஒருத்தன் அக்கா என்று கூப்பிட்டுவிட்டால் அப்புறம் எனக்குத் தூக்கம் ஏது?

ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை காலையில் கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஜனங்கள் லட்சக்கணக்கில் தலைநகருக்குள் நடந்து வந்துவிட்டார்கள், பிரதமர் ஹெலிகாப்டர் ஏறிப் போய்விட்டார். யாராலும் அசைக்க முடியாது என்று நினைத்திருந்த நாற்காலி! நான் ஃப்ரீவேயில் தனியாகச் சிரித்துக்கொண்டே கார் ஓட்டினேன். பக்கத்து லேன்காரர் என்னைப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போனார்.

ஆபீசில் நம் ஆள் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தான். தம்பி காலையிலேயே ஊர்வலத்துக்குப் போனவன், இன்னும் வீடு திரும்பவில்லை, போனும் எடுக்கவில்லை. வழியில் துப்பாக்கிச் சூடு நடந்ததாகச் செய்தி வந்திருந்தது. அம்மா முசல்லாவை, அந்தத் தொழுகை விரிப்பை, விட்டு எழுந்திருக்கவே இல்லையாம். நாடே ஆடிப் பாடிக்கொண்டிருக்க, இவனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எனக்கு என் சிரிப்பை எங்கே ஒளித்து வைப்பது என்று தெரியவில்லை.

ஒன்பது மணிக்கு பிரிட்ஜ் கால். எங்கோ ஒரு கஸ்டமருக்கு லைன் படுத்துவிட்டால் ஊர்ப்பட்ட எஞ்சினியர்களை ஒரே போன் காலில் கட்டிப் போட்டு வறுத்தெடுக்கும் சடங்கு அது. எங்கள் டைரக்டரும் இருந்தார். நம் ஆள் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தபோது அவன் செல்போன் அடித்தது. எடுத்தான். அடுத்து வங்க மொழியில் அவன் போட்ட கூச்சல் இருக்கிறதே, எனக்கு ஹெட்செட்டிலும் கேட்டது, தடுப்புக்கு மேலேயும் கேட்டது. பாவி மியூட் போடவில்லை. நாற்காலி மேல் ஏறி நின்று அழுகையும் சிரிப்புமாகக் கத்தினான். தம்பி கிடைத்துவிட்டான்.

அங்கே என்ன ஆயிற்று என்று டைரக்டர் கேட்டார்.

விசாவில் இருப்பவர்கள் ஆபீசில் அரசியல் பேசக் கூடாது என்பது எங்கள் ஆட்களின் முதல் பாடம். அதிலும் முஸ்லிம் பெயர், புரட்சி, சந்தோஷம் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரவே கூடாது. மைக்கைத் திறந்து, அவருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று சொல்லித் தொலைத்தேன்.

வாழ்த்து மழை கொட்டியது. ஆணா பெண்ணா என்றார்கள், ஆண் என்றேன். எத்தனை பவுண்டு என்றார்கள். கிலோவிலேயே வளர்ந்த எனக்கு அந்தக் கணக்கெல்லாம் எங்கே தெரியும்? வாய்க்கு வந்தபடி பதினாறு என்றேன். அது ஏழு கிலோவுக்கு மேல் என்பது பிறகுதான் தெரிந்தது. ஐயோ பாவம் அந்தத் தாய் என்று ஒரு பெண்மணி பெருமூச்சு விட்டாள். இதில் இன்னொரு கூத்து, அவனுக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. அமெரிக்கர்கள் அதையெல்லாம் பொருட்படுத்துவதில்லை. அவன் மேஜைக்கு அடியில் குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

மத்தியானம் டைரக்டர் நீல நிற ஐசிங் போட்ட கேக்கோடு வந்து நின்றார். நம் ஆளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. உண்மையை அவனே சொல்லிவிட்டான். டைரக்டர் கேக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உங்கள் ஜனங்கள் ஒரு சர்வாதிகாரத்தைத் துரத்தியிருக்கிறார்கள், அதை இந்த நாட்டில் வாய்விட்டுச் சொல்லவா பயந்தீர்கள் என்று கேட்டார். அவர் இங்கேயே பிறந்தவர், விசா முத்திரைக்காக ஜன்னல் ஜன்னலாக நின்றவர் இல்லை. நாங்கள் அசடு வழிந்தோம். கேக்கை வெட்டினோம்.

தம்பியை வீடியோவில் கூப்பிட்டோம். அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது, முகமெல்லாம் புழுதி. பிரதமர் வீட்டுக்குள் போய் சோபாவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தானாம். ஒருத்தர் அந்த வீட்டுக் குளத்து மீனை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாராம். போன் சார்ஜ் தீர்ந்து போனதுகூடத் தெரியாமல் ஆடியிருக்கிறான். நாங்கள் சிரித்துச் சிரித்துக் கேக்கைப் பாதி சிந்தினோம். பிறகு அவன் என்னைக் கேட்டான். அவன் ஆங்கிலத்தில்தான் பேசினான், எனக்கு என்னவோ தமிழிலேயே ஞாபகம் இருக்கிறது.

"ஆபு, இனிமே எலெக்‌ஷன் வரும்ல? ஓட்டு போடுறது எப்படி இருக்கும்? அண்ணன் ஓட்டுப் போடப் போனப்ப அவன் ஓட்டை வேற யாரோ போட்டுட்டாங்க. எங்க வீட்ல சொல்றதுக்கு ஆளில்ல."

அண்ணன்காரன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். நானே விமானம் ஏறுவதற்கு முன் ஒரே ஒரு தடவை போட்டவள். இங்கே கிரீன் கார்டு வரிசையில் நிற்பவளுக்கு ஓட்டு கிடையாது. ஆனாலும் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் பெண்கள் வரிசை, நடுவில் புகுந்தவளோடு என் உம்மா போட்ட சண்டை, விரலில் மை வைக்கும்போது உண்டாகும் கூச்சம், பட்டனை அழுத்தினால் வரும் நீளமான பீப் சத்தம், எல்லாம் சொன்னேன்.

"பக்கத்துல நின்னு யாரு பார்த்துக்கிட்டு இருப்பாங்க?" என்று கேட்டான்.

"யாரும் பார்க்க முடியாது. அட்டை வச்சு மறைச்சிருப்பாங்க. உள்ள நீ மட்டும்தான்."

"நான் மட்டுமா?"

"நீ மட்டும்தான் தம்பி."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பதறிப்போய்க் கூப்பிட்டேன்.

"இருக்கேன் ஆபு," என்றான்.