கெண்டைக்கு மூன்று வயது

செவ்வாய்க்கிழமை காலை சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது போன் வந்தது. சாந்தா டீச்சர் காலமாகிவிட்டார் என்று அவருடைய தம்பி சொன்னார். ஒரு வருடமாக நான் பயந்துகொண்டிருந்த செய்தி.

டீச்சர் கல்லூரியில் மீன்களைப் பற்றிப் பாடம் நடத்தியவர். எங்கள் மீனாட்சிபுரத்துப் பக்கம் ஆற்றில் இருக்கும் விரல் நீளக் கெண்டை எப்படி வளர்கிறது, எத்தனை வருடம் வாழ்கிறது என்று கண்டறிய மாதம் ஒருமுறை வருவார். நான் வலை வீசுவேன். பிடித்த மீன்களை, கெடாமல் இருக்க மருந்து ஊற்றிய போத்தலில் போட்டுக் கொண்டுபோவார். செதிலில் வருடத்துக்கு ஒரு வளையம் விழுமாம், எண்ணினால் வயது தெரியுமாம். கெண்டையைக் குழம்பில் மட்டுமே பார்த்த எனக்கு அதைக் கேட்க அவ்வளவு குஷி.

கோடையில் ஆறு வற்றி, மடுவில் மட்டும் தண்ணீர் நின்றது. பெரிய கெண்டைகள் முட்டையோடு இருந்தன. அவையும் போத்தலுக்குள் போனால் ஆற்றில் மீனே இல்லாமல் போய்விடும் என்று பயந்து, டீச்சர் பார்ப்பதற்குள் தண்ணீரில் விட்டுவிட்டேன். மாதாமாதம் அப்படியே செய்தேன்.

ஒருநாள் அவர், "இதோட ஆயுசு ரெண்டு வருஷந்தாங்ணா" என்றார். வயது கூடிய பெரிய மீன்களைத்தான் நான் அவர் கண்ணில் காட்டவே இல்லையே. அதற்குள் அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்திருந்தது. சொன்னால் அவருடைய உழைப்பு வீண். சொல்லாவிட்டால் அவர் கட்டுரையில் பொய் அச்சாகிவிடும். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் கல்லூரிக்கே போய்ச் சொல்லிவிட்டேன்.

அவர் எழுதிக்கொண்டிருந்த நோட்டை மூடி வைத்தார்.

"ஏனுங்ணா, மீனுக்குப் பாவம் பார்த்தீங்க. எனக்குப் பார்க்கலையே?"

பிறகு சிரித்தார். இன்னும் ஒரு வருடம் அளக்க வேண்டும் என்றார். அந்த ஒரு வருடம் அவருக்கு இருக்குமா என்பதுதான் என் பயம்.

சிகிச்சைக்கு நடுவே, தலையில் துணி கட்டிக்கொண்டு வந்தார். பெரிய மீன்களில் ஒரு செதிலை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்ப ஆற்றில் விட்டோம். பேனா பிடிக்க அவரால் முடியாமல் போனபோது, நான் எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்தேன். 'ஒன்பது சென்டிமீட்டர்' என்று நானே எழுதிய நாளில், வழியில் கண்டவர்களிடமெல்லாம் நோட்டைக் காட்டினேன்.

போன மாதம் போனில் கூப்பிட்டார். குரலே எழவில்லை. "மூணு வளையம் தெளிவாத் தெரியுதுங்ணா. கட்டுரையைத் திருத்தி அனுப்பிட்டேன்." வீட்டில் ஓய்வாக இருக்க வேண்டிய வருடத்தை நான் பறித்துவிட்டேனே என்றேன். "வீட்டுல இருந்தா பயந்துட்டுத்தான் இருந்திருப்பேன்" என்றார்.

கடைசியாக ஆற்றுக்கு வந்த அன்று, வழுக்கிவிடுவாரோ என்று முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். குச்சி போல இருந்தது. செதில் எடுத்த கெண்டையோடு தண்ணீருக்குள் உள்ளங்கையை விரித்தார். கெண்டை உடனே போகவில்லை. விரல்களுக்கு நடுவே கொஞ்சநேரம் நின்றுவிட்டுப் போனது. அது கண்ணுக்கு மறையும்வரை அவர் கையை எடுக்கவில்லை.

போய் வாங்க, டீச்சரம்மா.